கடைசிப் படகு எத்தனை மணிக்கு?

கொச்சியைச் சுற்றியுள்ள தீவுகளில் லட்சக்கணக்கானோர் வசிக்கிறார்கள். வீடு இக்கரையில், வேலை, கல்லூரி, பெரிய மருத்துவமனை எல்லாம் அக்கரையில். மரப் படகு போய்ப் பாலம் வந்தது. பாலத்துக்குப் பிறகு குளிரூட்டிய மின்படகும் வந்துவிட்டது. தீவுக்காரர்களின் அன்றாடம் எவ்வளவு மாறியிருக்கிறது?

எர்ணாகுளம் மரைன் டிரைவில் நின்று மேற்கே பார்த்தால் முதலில் போல்காட்டி. அதற்கு அப்பால் வல்லார்பாடம். அதையும் தாண்டினால் வைப்பின். அதன் மறுகரையில் அரபிக்கடல். சுமார் 25 கிலோமீட்டர் நீளம் கொண்ட வைப்பின் தீவில் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவிலேயே மிக நெருக்கமாக மக்கள் வாழும் தீவுகளில் ஒன்று அது.

கொச்சிக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு இந்தக் காயல் ஒரு மாலைப் பொழுது. படகில் ஒரு சவாரி, சீன வலைகளுக்கு முன்னால் ஒரு புகைப்படம், திரும்பி வந்து மீன் பொரியல். அதே படகில் பக்கத்து இருக்கையில் இருக்கும் உள்ளூர்க்காரர் வெளியே பார்ப்பதே இல்லை. துணிக்கடையில் விற்பனையாளராக நிற்கும் பெண், ஆஸ்பத்திரியில் செவிலியர், கட்டட வேலைக்குப் போகிறவர், கல்லூரி மாணவர், மீன் கூடையோடு சந்தைக்குப் போகும் அம்மா என்று எல்லோருக்கும் கண் கடிகாரத்தில்தான். இந்தப் படகு ஐந்து நிமிடம் பிந்தினால் அக்கரையில் பஸ் போய்விடும். பஸ் போனால் கடை திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது.

தீவுக்கும் நகரத்துக்கும் இடையே உள்ள தூரத்தைத் தீவுக்காரர் யாரும் கிலோமீட்டரில் சொல்வதில்லை. எத்தனை நிமிடத்துக்கு ஒரு படகு, கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்ற இரண்டு கேள்விகளுக்கான பதில்தான் அவர்களுக்குத் தூரம். கொச்சித் தீவுகளின் நூறாண்டு வரலாற்றை இந்த இரண்டு கேள்விகளை வைத்தே படித்துவிடலாம்.

வெள்ளம் தந்த கரை, மனிதன் போட்ட கரை

1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறித் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டுக் கொச்சியில் புதிய முகத்துவாரத்தைத் திறந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சங்க இலக்கியம் வழியாக நமக்குப் பழக்கமான அந்த முசிறியின் முடிவில்தான் கொச்சியின் தொடக்கம். வைப்பின் தீவு உருவானதையும் அந்த வெள்ளம் கொண்டுவந்து சேர்த்த மணலோடு இணைத்தே சொல்வார்கள்.

துறைமுகத்துக்கு நடுவில் கிடக்கும் வில்லிங்டன் தீவு அப்படி வந்ததில்லை. 1920இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டி, காயலை ஆழப்படுத்தி, தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கிய தீவு அது. அவரை அந்த வேலைக்கு வைத்தது அப்போதைய சென்னை மாகாண அரசு. ஆளுநராக இருந்த வில்லிங்டன் பிரபுவின் பெயரே தீவுக்கு வைக்கப்பட்டது.

கொச்சி வேலையில் சென்னைக்கு என்ன அக்கறை? கோட்டைக் கொச்சி அன்று பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. மலபார் மாவட்டத்தின் ஒரு துண்டாகச் சென்னை மாகாணத்தோடு சேர்ந்திருந்தது. எர்ணாகுளமும் மட்டாஞ்சேரியும் கொச்சி மகாராஜாவின் சமஸ்தானம். எர்ணாகுளத்தில் படகேறிக் கோட்டைக் கொச்சியில் இறங்கியவர் மன்னராட்சியிலிருந்து சென்னை மாகாணத்துக்குள் வந்துவிட்டார் என்று பொருள். தமிழர்களோடு இந்தக் கரைக்கு வேறு தொடர்புகளும் உண்டு. கோட்டைக் கொச்சியில் சலவைத் தொழில் செய்துவரும் தமிழ் வண்ணார் சமூகத்தின் குடும்பங்கள் பட்டாளத்தாரின் சீருடைகளை வெளுக்கக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவை. அவர்களின் தோபிகானா என்ற சலவைக்கூடம் இன்றும் இயங்குகிறது. வைப்பினின் வடமுனையில் உள்ள முனம்பம் துறைமுகத்தின் விசைப்படகுகளில் கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்களை ஏராளமாகப் பார்க்கலாம்.

1967இல் எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, கோட்டைக் கொச்சி ஆகியவை சேர்ந்து ஒரே மாநகராட்சி ஆயின. வைப்பின், முளவுகாடு, கடமக்குடி போன்ற தீவுகள் ஊராட்சிகளாகவே நின்றன. நகரத்துக்குத் தினமும் உழைக்க வருகிறவர்கள் நகரத்தின் கணக்கில் வராமல் போனது அப்படித்தான்.

மணியோசையில் ஓடிய படகுகள்

கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை 1968இல் தொடங்கப்பட்டது, தலைமையகம் ஆலப்புழை. தமிழ்நாட்டில் அரசு பஸ் எப்படியோ அப்படித்தான் காயல் மாவட்டங்களில் இந்தத் துறையின் படகு. குறுகிய தடங்களில் கட்டணம் இன்றும் பத்து ரூபாய்க்குள் அடங்கும். எர்ணாகுளம் படகுத்துறையில் பெண்களுக்குத் தனி வரிசை. சீட்டு வாங்கி மரப் பலகை இருக்கையில் உட்கார்ந்தால் ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. மழை அடித்தால் தார்ப்பாயை இறக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பழைய படகுகளில் சுக்கானைப் பிடிக்கும் ஸ்ராங்க் ஒருவர், எஞ்சினைப் பார்க்கும் டிரைவர் இன்னொருவர். முன்னால் நிற்கும் ஸ்ராங்க்குக்குக் கரை தெரியும். எஞ்சின் கைக்கு எட்டாது. எஞ்சின் அருகில் இருக்கும் டிரைவருக்குக் கரை தெரியாது. இருவருக்கும் நடுவில் ஒரு கயிறும் ஒரு மணியும். வேகம் கூட்ட, குறைக்க, நிறுத்த, பின்னால் எடுக்க என்று ஒவ்வொன்றுக்கும் மணிக் கணக்கு உண்டு. படகு துறையை அணையும்போது லாஸ்கர் என்ற படகுப் பணியாளர் கரைக்குத் தாவிக் கயிற்றைக் கட்டையில் சுற்றிவிடுவார். முழுதாகக் கட்டி முடிப்பதற்குள் பாதிப் பேர் இறங்கிவிட்டிருப்பார்கள்.

தென்மேற்குப் பருவமழை மாதங்களில் இந்தப் பயணத்துக்கு வேறு முகம். ஆற்றிலிருந்து ஆகாயத்தாமரை கூட்டம் கூட்டமாக மிதந்து வந்து துறைகளை அடைத்துக்கொள்ளும். படகின் விசிறியில் சிக்கினால் நடுக் காயலில் நிற்க வேண்டிவரும். கப்பல் வந்தால் வழிவிட வேண்டும். மீன்பிடி விசைப்படகுகளுக்கும் அதே முகத்துவாரம்தான் பாதை.

இப்படிப்பட்ட பயணத்தின் அச்சத்துக்கு அந்தக் கரையில் ஒரு தெய்வமே இருக்கிறது. 1752இல் மீனாட்சியம்மா என்ற நாயர் குலப் பெண்ணும் அவருடைய குழந்தையும் மட்டாஞ்சேரிக்குப் போன படகு புயலில் கவிழ்ந்தது. வல்லார்பாடத்து மாதாவிடம் வேண்டிக்கொண்ட இருவரும் மூன்றாம் நாள் மீனவர் வலையில் உயிரோடு கிடைத்தார்கள் என்பது நம்பிக்கை. இன்று வல்லார்பாடத்து மாதா பேராலயத்துக்குச் சாதி, மத வேறுபாடின்றி மக்கள் வருகிறார்கள். படகேறிப் பிழைக்கும் ஊர்களின் வேண்டுதல் வேறு எதுவாக இருக்க முடியும்?

2015 ஆகஸ்ட் 26 அன்று அந்த வேண்டுதல் பலிக்கவில்லை. வைப்பினிலிருந்து கோட்டைக் கொச்சிக்கு வந்த பயணிகள் படகின் மீது, கரையை நெருங்கும் நேரத்தில், ஒரு மீன்பிடிப் படகு மோதியது. 11 பேர் இறந்தார்கள். சில நிமிடப் பயணம் அது. தினமும் போய்வந்தவர்கள் யாரும் அதை ஒரு பயணமாகவே நினைத்திருக்க மாட்டார்கள். படகுகளின் வயது, தகுதிச் சான்று, உயிர்காப்பு அங்கிகள் பற்றியெல்லாம் கேரளம் அதன் பிறகு மீண்டும் உரக்கப் பேசியது.

பாலம் வந்தது, பஸ் வரவில்லை

ராமேசுவரத்துக்கு 1914இலேயே ரயில் பாலம் வந்துவிட்டது. 1988இல் சாலைப் பாலமும் வந்தது. ஒரு பெருநகரத்தின் கண்ணெதிரே கிடந்த வைப்பின் 2004 வரை காத்திருந்தது. அதுவரை எர்ணாகுளத்துக்குச் சாலை வழியாக வர வேண்டுமானால் வடக்கே பறவூர் போய்ச் சுற்றி வர வேண்டியிருந்தது. நள்ளிரவில் பிரசவ வலி எடுத்தவருக்கும் நெஞ்சு வலி கண்டவருக்கும் அந்தச் சுற்று எவ்வளவு நீளம் என்று சொல்லத் தேவையில்லை.

1994இல் கோஸ்ரீ தீவுகள் மேம்பாட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. பாலத்துக்குப் பணம் திரட்ட அரசு கண்டுபிடித்த வழி விசித்திரமானது: எர்ணாகுளக் கரையோரக் காயலின் ஒரு பகுதியைத் தூர்த்து நிலமாக்கி விற்பது. காயலைக் கடக்கக் காயலையே விற்றார்கள். எர்ணாகுளம் – போல்காட்டி, போல்காட்டி – வல்லார்பாடம், வல்லார்பாடம் – வைப்பின் என மூன்று பாலங்கள் 2004 ஜூனில் திறக்கப்பட்டன.

பாலம் தந்த பெரிய வரம் வேகம் அல்ல, நேரக் கட்டுப்பாட்டிலிருந்து விடுதலை. இரவு பத்து மணிக்கும் வீடு திரும்பலாம். ஆம்புலன்ஸ் வாசல்வரை வரும். நிலத்தின் விலை ஏறியது. வைப்பின் மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்க யோசித்தவர்களும் யோசனையை மாற்றிக்கொண்டார்கள்.

ஆனால், வைப்பினிலிருந்து வரும் தனியார் பஸ்கள் நகருக்குள் போக அனுமதி கிடைக்கவில்லை. பாலம் இறங்கியதும் உயர் நீதிமன்றச் சந்திப்பிலேயே எல்லோரையும் இறக்கிவிட வேண்டியிருந்தது. அங்கிருந்து இன்னொரு பஸ், இன்னொரு டிக்கெட், இன்னொரு காத்திருப்பு. துணிக்கடைச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு ஒவ்வொரு நாளும் இரட்டைச் செலவு. இந்தத் தடையை நீக்கும்படி முதலமைச்சருக்குக் கடிதம் எழுதியவர்களில் வைப்பினைச் சேர்ந்த நடிகை அன்னா பென்னும் ஒருவர். ‘கொட்டுக்காளி’ படத்தில் பிடிவாதமான மீனாவாக நாம் பார்த்தவர். பாலம் திறந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இந்தக் கோரிக்கை இழுத்தது என்பதிலிருந்தே நகரம் தீவை எந்த இடத்தில் வைத்திருந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

இன்னொரு பக்கம், பாலத்தின் வழியாக நகரத்தின் சுமைகள் தீவுக்குத் தடையின்றி வந்தன. வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையம் 2011இல் திறக்கப்பட்டது. அதற்குச் சாலையும் ரயில் பாதையும் போட 2008இல் மூலம்பிள்ளி உள்ளிட்ட இடங்களில் 316 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. மூலம்பிள்ளியில் வீடுகள் இடிக்கப்பட்ட விதமும், மறுவாழ்வுக்காக அந்தக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் நடத்திய போராட்டமும் கேரளம் இன்றும் பேசும் விஷயங்கள். வைப்பினின் தென்முனையில் புதுவைப்பில் திரவ இயற்கை எரிவாயு முனையம் 2013இல் இயங்கத் தொடங்கியது. கன்டெய்னர் லாரிகளும் வேலைக்குப் போகிறவர்களின் பஸ்களும் ஒரே பாலத்தில் முட்டிக்கொண்டன. நெரிசல் நேரத்தில் பாலத்தில் மாட்டிக்கொண்டு, கீழே ஓடும் படகைப் பொறாமையோடு பார்க்கும் நிலை வந்தது.

வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் தண்ணீருக்குத் திரும்பினார்கள். வைப்பினுக்கும் கோட்டைக் கொச்சிக்கும் நடுவில் முகத்துவாரம்தான். தண்ணீரில் நாலைந்து நிமிடம். பாலங்களைச் சுற்றிச் சாலையில் போனால் நகரத்தின் நெரிசல் முழுவதையும் கடக்க வேண்டும். கார், பைக்கோடு ஆட்களையும் ஏற்றிக்கொள்ளும் ஜங்கார் படகுகள் அங்கே நீண்ட காலம் ஓடின. 2018 முதல் மாநகராட்சியின் ‘சேதுசாகர்’ ரோ-ரோ படகுகள் வண்டிகளை ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. ஒரு படகு பழுதுக்குப் போனால் இரு கரையிலும் வண்டிகள் வரிசை கட்டிவிடும்.

காயலில் மெட்ரோ

2023 ஏப்ரல் 25 அன்று பிரதமர் மோடி கொச்சி வாட்டர் மெட்ரோவைத் தொடங்கிவைத்தார். ரயில் மெட்ரோவை நடத்தும் நிறுவனமே இதையும் கையில் எடுத்தது. முழுத் திட்டத்தின் அளவு பெரியது: 10 தீவுகள், 38 படகுத்துறைகள், 78 படகுகள், 76 கிலோமீட்டர் நீர்வழி. செலவு 1,100 கோடி ரூபாய்க்கு மேல், ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வங்கியின் கடனும் அதில் அடக்கம். படகுகளைக் கட்டியது அருகிலேயே இருக்கும் கொச்சின் ஷிப்யார்ட்.

நூறு பேர் ஏறும் குளிரூட்டிய படகு. லித்தியம் டைட்டனேட் மின்கலத்தில் ஓடுகிறது. துறையில் நிற்கும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மின்னூட்டம் ஏறிவிடும். அவசரத்துக்கு டீசல் ஜெனரேட்டரும் உண்டு. பழைய படகில் பேசுவதற்கே கத்த வேண்டும். இதில் பக்கத்து இருக்கையின் கைப்பேசி உரையாடல் முழுதாகக் காதில் விழுகிறது. டீசல் வாடை இல்லை. ஏறுகிறவர்களைக் கதவிலேயே எண்ணிவிடுகிறார்கள். நூறுக்கு மேல் அனுமதி கிடையாது.

தீவுக்காரர்களுக்கு வந்த பெரிய மாற்றமாகப் படகைவிட மிதவைத் துறையைத்தான் சொல்ல வேண்டும். காயலில் நீர்மட்டம் கடலின் ஏற்றவற்றத்தோடு ஏறி இறங்கும். பழைய துறைகள் அசையாத கல்மேடை. நீர் வற்றிய நேரத்தில் படகுக்கு இறங்க வேண்டும், ஏறிய நேரத்தில் மேலே கால் வைக்க வேண்டும். முதியவர்களும் கர்ப்பிணிகளும் யாராவது கை கொடுத்தால்தான் ஏற முடியும். சக்கர நாற்காலி என்ற பேச்சே இல்லை. வாட்டர் மெட்ரோவின் துறை தண்ணீரோடு சேர்ந்து ஏறி இறங்குவதால் துறையும் படகின் தளமும் எப்போதும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. வீட்டோடு கிடந்தவர்களை வெளியே கொண்டுவந்த பொறியியல் இது.

உயர் நீதிமன்றத் துறையிலிருந்து வைப்பினுக்கு 20 நிமிடம். முதல் வழித்தடமே இதுதான். வைற்றிலா – காக்கநாடு அடுத்த நாள் தொடங்கியது. 2024இல் சவுத் சிற்றூர், சேரநல்லூர், ஏலூர் பக்கமும் கோட்டைக் கொச்சிக்கும் படகுகள் போயின. மட்டாஞ்சேரியும் வில்லிங்டன் தீவும் 2025இல் சேர்ந்தன.

யாருக்கு இந்தப் படகு?

வைப்பின் தடத்தில் தொடக்கக் கட்டணம் 20 ரூபாய். அரசுத் துறையின் பழைய படகோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு. மாதச் சீட்டு 600 ரூபாய்க்கு 50 பயணம் என்று அறிவித்தார்கள். அப்படிப் பார்த்தால் ஒரு பயணம் 12 ரூபாய். அலுவலகம் போகிறவருக்குக் கட்டுப்படியாகும். கூலி வேலைக்காரர், மீன் விற்கும் பெண் ஆகியோர் 600 ரூபாயை முன்கூட்டியே எடுத்து வைப்பது வேறு விஷயம். அவர்கள் இன்னும் பழைய படகைத்தான் பார்க்கிறார்கள். அதனால் புதிய படகு வந்தது என்பதற்காகப் பழைய படகைக் குறைக்கும் எண்ணம் எந்த அரசுக்கும் வரக்கூடாது. மலிவான படகும் நவீனமாகலாம் என்பதற்கு அதே நீர்ப் போக்குவரத்துத் துறையிடம் சான்று இருக்கிறது: 2017இல் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே அது ஓடவிட்ட ‘ஆதித்யா’, இந்தியாவின் முதல் சூரிய மின்சக்திப் பயணிகள் படகு. பெரியார் போராடிய அதே வைக்கத்தில், வேம்பநாட்டுக் காயலில் இன்றும் சாமானியர்களை ஏற்றிக்கொண்டு போகிறது.

இரண்டாவது சிக்கல் கூட்டம். விடுமுறை நாட்களில் சுற்றுலாப் பயணிகள் வாட்டர் மெட்ரோவை மொய்க்கிறார்கள். நூறு பேர்தான் ஏறலாம் என்ற நல்ல விதி, வீட்டுக்குப் போக நிற்பவரை அடுத்த படகுக்குத் தள்ளிவிடுகிறது. சுற்றுலாப் பயணிக்கு அரை மணி நேரம் காத்திருப்பது வேடிக்கை. எட்டு மணி நேரம் கடையில் நின்றுவிட்டு வந்தவருக்கு அது பிள்ளையோடு இருக்கும் நேரத்தில் கழிவு.

மூன்றாவது, இந்தக் கட்டுரையின் தலைப்பில் உள்ள கேள்வி. வாட்டர் மெட்ரோ தொடங்கியபோது அறிவித்த நேரம் காலை 7 மணி முதல் இரவு 8 மணி வரை. எர்ணாகுளத்தின் துணிக்கடைகள் எட்டு மணிக்கு மூடுவதில்லை. ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் பணி எட்டு மணிக்குள் முடிவதில்லை. வைப்பின்காரருக்குப் பாலமாவது இருக்கிறது. பாலம் சரியாக எட்டாத தீவுகளில் இருப்பவர் என்ன செய்வார்?

பாலம் எட்டாத கடமக்குடி

வைப்பினுக்குக் கிழக்கே, பெரியாற்றின் கிளைகளுக்கு நடுவில், பன்னிரண்டுக்கும் மேற்பட்ட சிறு தீவுகள் சேர்ந்த ஊராட்சி கடமக்குடி. மழைக்காலத்தில் பொக்காளி நெல், அறுவடைக்குப் பின் அதே வயலில் இறால் என்று உப்பு நீரோடு பழகிய விவசாயம். படம் பிடிக்க வருகிறவர்களுக்கு அந்தப் பசுமை போதும். அங்கேயே இருக்கிறவர்களுக்குப் படகு, ஜங்கார், பஸ் என்று மாறி மாறிப் போக வேண்டிய நகரம், பார்வைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் பாலம் எழுந்தும் இணைப்புச் சாலைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த கதைகள் உண்டு.

வாட்டர் மெட்ரோ யாருக்காக வரையப்பட்டது என்று கேட்டால் விடை இங்கேதான் இருக்க வேண்டும். திட்டம் அறிவிக்கப்பட்டபோது 33,000 தீவுவாசிகளுக்குப் பயன் என்று அரசு சொன்னது. 38 துறைகளில் பல இன்னும் திறக்கப்படவில்லை. முதலில் திறந்தவை நகரத்தின் நெரிசல் தடங்கள். வருமானம் தரும் சுற்றுலாத் துறைகளுக்கும் அவசரம் காட்டப்பட்டது. கூட்டம் குறைவான தீவுகள் வரிசையின் கடைசியில் நிற்கின்றன. நிறுவனத்தின் வரவு செலவில் இது நியாயமாக இருக்கலாம். ஆனால், முந்நூறு பேர் இருக்கும் தீவுக்கு நாளைக்கு நாலு படகு விட்டால் லாபம் வராது என்பது தொடக்கத்திலேயே எல்லோருக்கும் தெரிந்ததுதானே? மலைக் கிராமத்துக்குப் போகும் அரசு பஸ்ஸை லாபம் பார்த்தா ஓட்டுகிறோம்?

கொச்சியைப் பார்த்து மற்ற நகரங்களும் நீர்வழி மெட்ரோ பற்றிப் பேசத் தொடங்கியிருக்கின்றன. அவர்கள் மின்கலத்தையும் மிதவைத் துறையையும் அளந்து குறித்துக்கொள்வார்கள், அது எளிது. குறித்துக்கொள்ள வேண்டியது வேறு நாலு விஷயம். நாள் கூலிக்காரரும் சீட்டு வாங்கக்கூடிய கட்டணம். உள்ளூர்ப் பயணிகளுக்கு முன்னுரிமை தரும் வரிசை. படகு அணையும் நேரத்துக்குத் துறை வாசலில் நிற்கும் பஸ். கடைசிக் கடை மூடி, கடைசி ஷிஃப்ட் முடிந்த பிறகு கிளம்பும் கடைசிப் படகு.

இந்த நான்கில் எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை. கால அட்டவணையில் ஒரு வரியும், அந்த வரிக்கு ஆகும் நஷ்டத்தை ஏற்றுக்கொள்ளும் பட்ஜெட்டும் போதும். 1,100 கோடி ரூபாய் போட்டுப் படகு கட்டிய அரசால், இரவு பத்தரை மணிக்குக் கடமக்குடிக்கு ஒரு படகு விட முடியாதா என்ன?